இரண்டு தடவை எழுந்த கைகள்

எங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. மஞ்சள் காமாலை வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த என் தங்கை, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். நோய் வந்தால் எங்கே ஓடுவது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். வருவதற்கு முன்பே கிராமசபைக்குப் போய்க் குழாயை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்பதுதான் தெரியாது. தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்ற மிதப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "வந்து கை தூக்குங்க, போதும்" என்றேன்.

சுதந்திர தினக் கிராமசபைக் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு வந்தது.

"கொழா மாத்தணும்ன்றவங்க கை தூக்குங்க" என்றார் ஊராட்சித் தலைவர். அத்தனை கைகளும் எழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வேணாம்ன்றவங்க?"

அதே கைகள் மறுபடி எழுந்தன. அம்மா இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள்.

"எம்மா, எறக்கும்மா!"

"நீதானடா தூக்கச் சொன்ன?"

தலைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாம்மா, வேணுமா, வேணாமா?"

அம்மா எழுந்து நின்றாள். "வேணுங்க. எம்பொண்ணு கண்ணெல்லாம் மஞ்சளா கெடந்திச்சி, வேணாம்னு சொல்வனா? எங்கள ஒருத்தர் கேக்கறதே இன்னிக்குத்தான். நீங்க கேட்டுக்கினே இருங்க, நாங்க தூக்கிக்கினே இருக்கறோம்."

பந்தல் முழுக்கக் கைதட்டல். தீர்மானம் நிறைவேறியது.

புதுக் குழாயில் தண்ணீர் வந்த அன்று, தங்கை முதல் குடத்தை என் தலையில் கவிழ்த்தாள்.

"மோந்து பாருண்ணா, சாக்கடை நாத்தமே இல்ல!"