இன்ஷிராஹ் சொல்லிக்கொடுத்த ஆட்டம்

அலெக்சாந்திரியாவின் பஹ்ரி பக்கம், விவரம் பத்தாத பிள்ளை யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், வீட்டார் வக்கீலிடம் ஓடுவதற்கு முன் இன்ஷிராஹிடம்தான் ஓடுவார்கள். இருபத்தாறு வருடம் டிராமில் சீட்டுக் கிழித்தவள். விசாரணையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, சுலபமாகக் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள் என்று அதிகாரிகளைப் படுத்தி எடுப்பாள். அவளை உள்ளே விட யாருக்கும் மனசு வராது. தடுக்கிற தைரியமும் யாருக்கும் கிடையாது.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவனான ரிஃபாத் விஷயத்தில் மட்டும் அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஹாஜி மெத்வல்லியின் மொட்டைமாடியிலிருந்து மூன்று புறாக்கள் காணாமல் போயிருந்தன. கீழே நின்ற ரிஃபாத்தின் தலையில் ஓர் இறகு இருந்ததாம். அவ்வளவுதான் சாட்சியம். திருடன் ஓடியதை ஹாஜி பார்த்திருந்ததால், செவ்வாய்க்கிழமை அரசு வக்கீல் ஆபீசில் ஆட்களை வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வார்கள்; அதுவரை ரிஃபாத்தை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். அவர் விரலை நீட்டினால் ரிஃபாத்துக்கு நாலு நாள் காவல். முப்பது வயதாகியும் அவன் அம்மா ஊட்டாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

இன்ஷிராஹ் தன் வீட்டிலேயே ஒத்திகை வைத்தாள். கணவர், கோட்டு மாட்டும் ஸ்டாண்டு ஒன்று, ரிஃபாத் என்று வரிசை.

"புறாவை எடுத்தது யாரு?"

"நான்! பெரியம்மா, நான் நான்!" என்று ரிஃபாத் கையைத் தூக்கிக் குதித்தான்.

"நீயாடா எடுத்த?"

"இல்லையே. நீங்க தேடுறீங்களேன்னு சொன்னேன்."

தலையில் கை வைத்து உட்கார்ந்தவள், சட்டென்று எழுந்தாள்.

"இதோ பாரு, இது ஒரு ஆட்டம். யாரைக் காட்டுறாங்களோ அவன் தோத்தான். யாரைக் காட்டலையோ அவன் ஜெயிச்சான். கல்லு மாதிரி நிக்கணும்."

நாலு நாளில் அவள் கணவர் நாற்பது தடவை தோற்றார்.

"நான் இன்னும் எத்தனை தடவைடி புறாத் திருடனாகறது?"

"வாயை மூடிட்டு நில்லுங்க. ஹாஜி வர்றாரு" என்று அவளே ஹாஜியாக நடந்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வரிசைக்கு ஆள் பத்தவில்லை. காப்பிக் கடையிலிருந்து இரண்டு பேரை இழுத்து வந்தார்கள். அப்படியும் பத்தாமல் ஷஹாத்தா என்ற கான்ஸ்டபிளைச் சட்டை மாற்றி நிறுத்தினார் இளம் அரசு வக்கீல். ஹாஜி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். ரிஃபாத்துக்கு முன்னால் நின்றார். அவன் கன்னத்தை உப்பவைத்து மூச்சை அடக்கினான். இன்ஷிராஹும் மூச்சை அடக்கினாள்.

ஹாஜி நகர்ந்தார். பாய்ந்து கான்ஸ்டபிளின் காலரைப் பிடித்தார்.

"இவன்தான்! இந்த மூஞ்சியேதான்!"

"விடுங்க ஹாஜி, அவன் எங்க ஆளு!" என்று அரசு வக்கீல் பதறினார்.

"உங்க ஆளுன்னா புறா திங்க மாட்டானா, ஐயா?"

ரிஃபாத் மேலிருந்த வழக்கு அங்கேயே முடிந்தது. தெருவுக்கு வந்ததும் இன்ஷிராஹ் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டடா ராஜா!"

ரிஃபாத் அவள் தோளைத் தட்டினான்.

"பெரியம்மா, எங்க தெருவுல பந்து விளையாட ஆள் பிரிப்பாங்கல்ல? என்னை மட்டும் யாருமே எடுக்க மாட்டாங்க."

"தெரியும்டா."

"அப்ப தினமும் நான்தானே ஜெயிச்சிருக்கேன்?"

அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. எந்த அதிகாரிக்கும் அசராதவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "ஆமாண்டா" என்றாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ரிஃபாத் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.