பாதியில் நின்ற பச்சை

"அக்கா, எங்க அம்மா காலையில செத்துட்டாங்க. மெஷின எடுத்துக்கினு கொஞ்சம் வர்றீங்களா?"

போனில் இப்படி ஒரு குரல் வந்தால் ராங் நம்பர் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் டாட்டூ கடை வைத்திருக்கிறேன். வேல், சூலம், காதலி பெயர், பிறகு அந்தப் பெயரை மறைக்க ஒரு பூ என்று பிழைப்பு ஓடுகிறது. கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போனதுண்டு. சாவு வீட்டிலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை. "யாரும்மா நீ?" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

அவள் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. தோழிக்குத் துணையாகக் கடைக்கு வந்து, ஊசியைப் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண். இப்போது அவளே குத்திக்கொள்ள வேண்டுமாம். அம்மாவின் கையில் இருக்கும் பச்சையை அப்படியே தன் கையில் குத்த வேண்டுமாம். அம்மாவை எடுப்பதற்குள் முடிய வேண்டுமாம். போட்டோ எடுத்து வை, காரியமெல்லாம் முடிந்து நிதானமாகக் கடைக்கு வா என்றேன். நியாயமான யோசனைதான்.

"இல்லக்கா. அவங்க பாக்கணும்."

பையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

கூரம் கிராமத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். ஒரே அறை போட்ட வீடு. நடுவில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றிப் பெண்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். யார் தோளைத் தொட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். இறந்தவரின் அண்ணன் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து சேர்ந்தால்தான் எடுப்பார்கள். அதுவரை எனக்கு நேரம்.

கண்ணாடி மூடியைத் தூக்கச் சொல்லி, அந்தக் கையை வெளியே எடுத்தேன். எத்தனையோ கைகளைப் பிடித்தவள் நான். அந்தக் குளிர்ச்சிக்கு நான் தயாராக இல்லை. முன்கையின் உட்புறத்தில், புள்ளி வைத்துச் சுற்றி வளைத்த சின்னக் கோலம். வயதாகிப் பச்சை பரவி, ஓரங்கள் கலங்கியிருந்தன. பக்கத்தில் குனிந்தால்தான் எந்தப் புள்ளி எங்கே என்று தெரிந்தது. மேலே மெல்லிய தாளை வைத்துப் புள்ளி புள்ளியாகப் படி எடுத்தேன். ஒரு புள்ளி கூடத் தவறவிடக் கூடாது என்ற வெறி வந்துவிட்டது.

பெட்டியின் தலைமாட்டில், அம்மாவின் முகம் தெரிகிற இடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, ஏன் இவ்வளவு அவசரம் என்று மெதுவாகக் கேட்டேன். அவளும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"சின்ன வயசுல என்னையும் குத்திக்கச் சொன்னாங்கக்கா. செத்தா நகையெல்லாம் கழட்டிக்குவாங்க, பச்சை ஒண்ணுதான் கூட வரும்னு சொல்வாங்க. நான் அழுதுக்கினு ஓடிட்டேன். அது பரவால்ல. காலேஜ் படிக்கசொல்ல ஒரு வாட்டி என்னப் பாக்க வந்தாங்க. கூட ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க. கைய மூடிக்கோம்மானு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் என் முன்னாடி மூடிக்கினே இருப்பாங்க. வீட்டுலயும்."

பச்சை குத்திய கை, நாம் எந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று சொல்லிவிடும். அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல. படி எடுத்த தாளை அவள் கையில் ஒற்றினேன்.

முதல் வரிசை நன்றாகத்தான் போனது. இரண்டாவது வரிசையில் மெஷின் தளர்ந்தது. என்னுடையது கம்பிச்சுருள் வைத்த பழைய காயில் மெஷின். கரண்ட் ஏறினால் காயில் ஒரு தகட்டைக் கீழே இழுக்கும், ஸ்பிரிங் அதை மேலே தள்ளும், அந்தத் துடிப்பில் ஊசி ஏறி இறங்கும். துடிப்பு சரியாக இருந்தால் ஒரே சீரான ரீங்காரம். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், சத்தம் மாறினால் என் கைக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். அன்று ஒப்பாரிக்கு நடுவே காது வேலை செய்யவில்லை. மை இறங்காமல் தோலில் வழிந்த பிறகுதான் பார்த்தேன்.

நிறுத்தினேன். ஊசியைப் பிடித்திருக்கும் ரப்பர் பேண்டை மாற்றினேன். ஓட்டினேன், நன்றாக ஓடியது. தோலில் வைத்தேன், நாலு புள்ளிக்குப் பிறகு மறுபடி தளர்ந்தது. ஸ்பிரிங்கைத் தொடும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்கினேன். ஓடியது, தளர்ந்தது. மெஷினின் ஒயரைப் பிடுங்கி முனையைச் சுரண்டிச் செருகினேன். கால் பெடலை விட்டுவிட்டு ஒயரை நேராகக் கரண்ட் பாக்ஸில் இணைத்தேன். ஊசியையே மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இதுதான் கோளாறு என்று நம்பவைத்து, ஒவ்வொரு முறையும் என் கழுத்தை அறுத்தது. கடையாக இருந்தால் அந்தச் சனியனைத் தூக்கி மேசையில் போட்டிருப்பேன்.

இறந்தவரின் தங்கை பெட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்காவுக்கு இஷ்டமில்ல," என்றாள். "அவ இருக்கசொல்ல கைய மூடுன்னா இவ. இப்ப போவசொல்ல கேக்குறா. அதான் ஓட மாட்டேங்குது."

ஒப்பாரி சட்டென்று அடங்கியது. அந்தப் பெண் கையை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "வேணாம்க்கா. நீங்க கெளம்புங்க. அவங்களுக்குக் கோவம் போவல."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. சித்தி மேல், மெஷின் மேல், என் மேல். பாதியில் நிற்கிற அந்தக் கோலத்தோடு நான் கிளம்பினால், இந்தப் பெண் சாகும்வரை கையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா மன்னிக்கவில்லை என்றுதான் நினைப்பாள். "கோளாறு என் மெஷின்ல. அம்மாவ இதுல இழுக்காதீங்க," என்று சத்தமாகவே சொன்னேன். ஆனால் என்ன கோளாறு என்று எனக்கே தெரியவில்லை.

மெஷினைக் காதருகே பிடித்து, தோலில் வைக்காமல் சும்மா ஓடவிட்டேன். எல்லோரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதல்முறையாகச் சத்தம் தெளிவாகக் கேட்டது. சீராக ஓடியது. பிறகு பெட்டிக்குள் ஏதோ டக்கென்று விழுந்தது போல் ஒரு சத்தம், அதன் மோட்டார் உறுமத் தொடங்கியது. அதே நொடி தலைக்கு மேல் எரிந்த பல்பு மங்கியது. என் கையில் மெஷின் இளைத்தது. காத்திருந்தேன். மோட்டார் நின்றது. பல்பு தெளிந்தது, மெஷினும் எழுந்தது. மறுபடி மோட்டார் ஓடும்வரை காத்திருந்தேன். மறுபடி அதேதான்.

"பல்ப பாருங்க," என்றேன். "பெட்டி ஓடுனா பல்பும் மங்குது, மெஷினும் தளருது. வோல்டேஜ் பத்தல. அவ்ளோதான்."

பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார்கள். அதுவும் அதே கம்பத்திலிருந்து வரும் லைன், அங்கேயும் மெஷின் அப்படியே இளைத்தது. இப்போது பேட்டரியில் ஓடும் பேனா மெஷின் வைத்திருக்கிறேன். அன்று என்னிடம் அது இல்லை. மீதி இருந்தது இரண்டாவது வரிசையில் பாதியும் கடைசி வரிசையும். பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் முடித்துவிடலாம். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"நல்லாருக்குதே!" என்று சித்தி எழுந்துவிட்டாள். "இவ கையில கோலம் போட எங்க அக்காவ நாற வுடுவீங்களா? அண்ணன் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "வேணாம்க்கா. போதும்," என்றாள்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத அப்பா எழுந்தார். நடந்து வந்து, பிளக் இருந்த மூலையில் குனிந்தார். பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

"அவளுக்கு குளுரே ஆவாதும்மா," என்றார், யாரையும் பார்க்காமல். "சித்திரை மாசத்துலகூட ஃபேன் போட வுட மாட்டா. கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."

பிறகு ஒயரைக் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தி திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

நான் மெஷினை ஓட்டினேன். சீராக ஓடியது. தோலில் வைத்தேன். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, வரிசை முடிய, அடுத்த வரிசை தொடங்க, ஒரு இடத்தில்கூட இளைக்கவில்லை. அந்தப் பெண் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "ஓடுதுக்கா," என்றாள், அதுதான் கேள்வி என்பது போல. எனக்கும் கண் கலங்கியது. கையுறையோடு துடைக்க முடியாது, கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டேன்.

முடித்தவுடன் அப்பா ஒயரைச் செருகினார். பல்பு மங்கியது.

ஓசூர் மாமா வந்ததும் பறை தொடங்கியது. கிளம்பியிருக்கலாம், நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெட்டியின் மூடியை எடுத்தார்கள். மாமா கொண்டுவந்த கோடியைப் பிரித்து, இறந்த தங்கையின் மேல் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். இரண்டு கைகளும் புடவைக்குள் போயின.

"கைய மூடாதீங்க மாமா," என்றாள் அந்தப் பெண்.

மாமாவுக்குப் புரியவில்லை. அவளையும், சிவந்து வீங்கியிருந்த அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். சித்திதான் குனிந்து, அக்காவின் புடவையை முழங்கை வரை விலக்கிவிட்டாள்.