மூன்றடிக்கு அப்பால் தெரியாத கமரா

சுவிஸில் இருந்த என் தம்பி எனக்கு ஒரு புதுக் கமரா அனுப்பினான். கமரா என்றால் உடம்பு மட்டும், லென்ஸ் கிடையாது. "அண்ணையிட்ட நல்ல லென்ஸ் இருக்குத்தானே" என்று கொண்டுவந்தவரிடம் சொல்லிவிட்டிருந்தான். அதுவும் உண்மைதான். கண்டி ஈரத்தில் என் பழைய கமராவின் ஷட்டர் துணி உக்கிப் போக, லென்ஸை மட்டும் பூஞ்சணம் பிடிக்காமல் அரிசி போட்ட தகரப் பேணிக்குள் புதைத்துக் காப்பாற்றி வைத்திருந்தேன். ஆனால் பழைய லென்ஸ் மரையில் திருகிப் பூட்டுவது. புதுக் கமராவோ, சொருகிக் கால்வாசி திருப்பினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் சாதி. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இரண்டையும் சேர்த்துவைக்கும் வளையம் கொழும்பில் கிடைக்கும் என்றார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிற ஒருவன், கமராவுக்கு வளையம் வாங்கப் போகிறேன் என்று எந்தச் சோதனைச் சாவடியில் சொல்வது? சொன்னால் நானே நம்பமாட்டேன். ஆகவே உள்ளூரிலேயே செய்விப்பது என்று முடிவெடுத்தேன். நான் ஓர் அரச திணைக்களத்தில் படவரைஞன். பாலங்களையே வரைகிறவனுக்கு ஒரு வளையம் எம்மாத்திரம்?

அவசரத்துக்குக் காரணம் என் மனைவி. அவளோடு பிறந்தவர்கள் நான்கு பேர்: ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள், கடைசியாக ஒரு தம்பி. குடும்பப் படங்கள் எல்லாம் கலவரத்தில் அண்ணனின் கொழும்பு வீட்டோடு எரிந்துவிட்டன. இப்போது ஆளுக்கொரு நாட்டுக்குப் புறப்படும் வழியில், நால்வரும் ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்கப் போகிறார்கள். ஐந்து பேரும் ஒன்றாக இருக்கும் ஒரு படம் வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஸ்டூடியோவுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் ஐந்து யாழ்ப்பாணத்தார் கண்டித் தெருவில் ஒன்றாக நடந்தால் அதற்குப் பெயர் ஊர்வலம்.

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் குத்துவிளக்கு கடையும் பித்தளைப் பட்டறை ஒன்றில் என் வரைபடத்தைக் கொடுத்தேன். பித்தளையை நிறுத்து விற்கிற ஊர் அது. அங்கே மெல்லிய சாமான் கொடுப்பது வாடிக்கையாளரை அவமதிப்பதற்குச் சமம். பட்டறைக்காரர் என் அளவைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்து மாத்தயா ஒருவர் இப்படித் தகடு மாதிரி ஒன்றைக் கொண்டுபோகலாமா என்று, தன் செலவிலேயே தடிப்பைக் கூட்டி, பளபளவென்று மினுக்கி, விளிம்பில் விளக்குக்குப் போடுகிற மணிவரிசையும் கடைந்து தந்தார். சிங்களத்தில் நூறு நன்றி சொல்லி வாங்கிவந்தேன். அன்று மாலை வளையத்தைப் பூட்டி, குசினியில் நின்ற மனைவியின் முகத்தைக் கமராவுக்குள்ளால் பார்த்தேன். ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு.

அன்றிரவே நால்வரும் வந்துசேர்ந்தார்கள். மறுநாள் காலை ஐந்து பேரையும் முற்றத்தில் நிறுத்தி, பத்தடி பின்னால் போய்க் கண்ணை வைத்தேன். ஐந்து கஞ்சிக் கறைகள் தெரிந்தன. பனி என்று நினைத்தேன். கண்டியில் பனிக்குக் குறைவா? தேத்தண்ணீர் குடித்துக் காத்திருந்தோம். பனி விலகியது. மலை தெரிந்தது, அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த சாரமும் தெரிந்தது. கமராவுக்குள் மட்டும் அதே கஞ்சி.

"அத்தான், பனி எங்களிலதான் நிக்குது போல" என்றான் கடைசி மைத்துனன்.

அப்போதுதான் உறைத்தது. கூடிப்போன பித்தளை லென்ஸை முன்னே தள்ளிவிட்டது. மூன்றடிக்கு அப்பால் உள்ள எதையும் இந்தக் கமரா பார்க்காது. இனி அரம் எடுத்து ராவுவதற்கு நேரமில்லை. மத்தியானம் அவர்களுக்குப் பஸ்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "கிட்ட வந்தாத் தெரியுமெண்டா எல்லாரும் கிட்ட வாங்கோவன்" என்றாள்.

மூன்றடியில் அந்தக் கமராவுக்குள் சாதாரணமாக இரண்டு முகம் கொள்ளும். ஐந்தைத் திணிக்க வேண்டுமானால் கீழே மூன்று, மேலே இரண்டு, நடுவில் காற்றுப் போகக்கூட இடமில்லாமல். பெண்கள் கீழே குந்திக்கொண்டார்கள். மேலே மிஞ்சியவர்கள் அண்ணனும் கடைசித் தம்பியும். ஊரில் ஒரு பங்குக் கிணற்றுக்காக இருவரும் பேச்சை விட்டு வருடக்கணக்காகிவிட்டது. அந்தக் காணி இராணுவ எல்லைக்குள் போய், கிணற்றில் வேறு யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக உரிமையை விட முடியுமா?

"கிணத்துப் பங்கைப் பிறகு பிரியுங்கோ. இப்ப கன்னத்தை வையுங்கோ" என்று மனைவி கீழேயிருந்து அதட்டினாள்.

வைத்தார்கள். "மூச்சு முட்டுது, கெதியா எடும்" என்றார் அண்ணன். எடுத்தேன்.

படத்தில் கழுத்து இல்லை, சேலை இல்லை, வீடு இல்லை. எடுத்தது கண்டியா பாரிஸா என்று எவனும் சொல்லமாட்டான். ஐந்து முகங்கள் மட்டும், ஒரே அச்சில் வார்த்த ஐந்து மூக்குகளோடு. நான் தலைகுனிந்து நீட்டினேன். மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அண்ணன் கனடா போய்ச் சேர்ந்தார். தங்கைகள் ஜெர்மனியில் இறங்கினார்கள். தம்பி மட்டும் பயண முகவருக்காகக் கொழும்பு லொட்ஜில் காத்துக் கிடந்தான். ஒரு நாள் தேத்தண்ணீர் குடிக்க வெளியே போனவன் திரும்பி வரவில்லை. பொலிஸ், முகாம், மறியற்சாலை என்று போகாத இடமில்லை. எவரும் அவனைக் கண்டதாகச் சொல்லவில்லை.

கடைசியில் காணாமற்போனவர்களைத் தேடிக்கொடுப்பதாகச் சொன்ன ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பெரியவனான பிறகு அவனை எடுத்த படம் அது ஒன்றுதான். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதை வாங்கி, "இதில ஆர் அக்கா காணாமப்போனவர்?" என்று கேட்டாள். ஐந்து பேரில் மூன்று பேர் நாட்டிலேயே இல்லை. மனைவி தம்பியைத் தொட்டுக் காட்டினாள்.

அவனுடைய முகம் தனியாக வேண்டுமாம். வெட்டட்டுமா என்று கேட்டாள். மனைவி தலையாட்டினாள். அந்தப் பெண் கவனமாகத்தான் வெட்டினாள். குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நெருக்கத்தில் அண்ணனின் கன்னம் ஒரு விரலளவு அவனோடு சேர்ந்து வந்துவிட்டது. அதையும் நறுக்கிவிடக் கத்தரிக்கோலைத் திருப்பினாள்.

மனைவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் பிள்ளை," என்றாள். "அவனைத் தனிய விடாதேங்கோ."