தொரை கேட்ட ரோமாபுரி வளைவு

கொத்து வேலையில் செங்கல் சொன்ன பேச்சைக் கேட்கும். கட்டச் சொன்னவர்தான் கேட்க மாட்டார். அடுத்தவர் ஆசைக்குச் சுவர் எழுப்பிப் பிழைக்கும் உங்களுக்கெல்லாம் இந்த வயிற்றெரிச்சல் புரியும் என்றுதான் சொல்கிறேன்.

சீமையிலிருந்து வந்த ஆசை

மலாயாவில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எனக்குக் கொத்தனார் வேலை. லீவில் சீமைக்குப் போன எங்கள் தொரை, வழியில் ரோமாபுரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றோடு என் நிம்மதி போச்சு. பங்களா முகப்பில் மோட்டார் நுழையும் அகலத்துக்குச் செங்கல் வளைவு வேண்டுமாம். படத்தையும் அவரே போட்டுவிட்டார். சிமெண்ட் கூடாது, இரும்புக் கம்பி கூடாது. பழைய ரோமாபுரிக்காரர்கள் மாதிரி கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான்.

"கம்பி இல்லாம நிக்குமாங்க தொரை?" என்றேன். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பே இல்லை: "ரோமாபுரியில வளைவு கட்டினவன அதுக்குக் கீழ நிக்க வச்சுத்தான் தாங்குற மரமுட்ட எடுப்பாங்களாம். நீயும் நிக்கணும். அப்பத்தான் ஒழுங்கா கட்டுவே!"

செங்கல் பார்க்கும் படலம்

உயிர்ப் பயம் வந்தால் வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கும் தெரியுமா? சிம்பாங் ரெங்கம் சூளைக்கு நானே போனேன். ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொத்துக் கரண்டியால் தட்டினேன். கணீரென்றால் மாட்டு வண்டிக்கு, மொத்தென்றால் ஓரத்துக்கு. ஓரத்தில்தான் குவியல் பெரிசு. சூளை முதலாளி ஒரு சீனத் தவுக்கே. வெயிலில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அலமாக்! நீ கல்லு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா லா?"

மரமே போதும்

ஆசாரி அரைவட்டமாக மரமுட்டு அடித்துக் கொடுத்தார். அதன்மேல் இரண்டு பக்கமும் கல் ஏற்றி உச்சியில் நடுக்கல்லை இறுக்கும்வரை பாரமெல்லாம் மரத்துக்குத்தான். அதற்கப்புறம் மரத்தை எடுத்தால் கல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடியில் இருப்பது நான்.

என் மனைவி செல்லம்மாதான் சாந்து குழைத்தாள். தொரை போட்ட நிபந்தனையை அவளிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் தோட்டத்தில் ரகசியம் ஏது? இரண்டு நாளாகச் சாந்தைத் திரும்பத் திரும்பக் குழைத்தாள். அரிசி மூட்டை கொண்டுவந்த ரயிலடிக் கடை சாயபு வளைவை அண்ணாந்து பார்த்து என் மனசில் இருந்ததைச் சொன்னார்: "மரமே ஜோரா நிக்குதே தம்பி, பேசாம அத எடுக்காம வுட்டுருங்களேன்!"

முட்டு எடுத்த நாள்

பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். சாமியைக் கும்பிட்டுவிட்டு வளைவுக்கு அடியில் போய் நின்றேன். மரமுட்டுக்கு அடியில் செருகியிருந்த ஆப்பைத் தட்ட ஆசாரி சுத்தியலை ஓங்கினார். அப்போது செல்லம்மா கையில் சாந்தோடு விறுவிறுவென்று வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏய், போ வெளிய!" என்று கத்தினேன்.

"சாந்து நான் குழைச்சது. நானும்தான் நிக்கணும்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தொரையைப் பார்த்துச் சொன்னாள்.

தொரை முகம் சிவந்துபோனது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கணக்கு எழுதும் கிராணி கையில் கொடுத்தார். "படம் நான் போட்டது" என்று முணுமுணுத்தபடி வந்து அவளுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஆசாரி ஒவ்வோர் ஆப்பாகத் தட்டினார். மரம் மெல்லக் கீழே இறங்கியது. வளைவுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தொரையின் வழுக்கையில் உதிர்ந்தது, அவ்வளவுதான். செல்லம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாருக்கும் நகரத் தோன்றவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஆசாரிதான் சத்தம் போட்டார்: "வெளிய வாங்கய்யா! வளைவு ஆடல, நீங்கதான் ஆடிக்கிட்டு நிக்கிறீங்க!"

ரோமாபுரியில் கட்டினவனை மட்டும்தான் அடியில் நிறுத்தினார்களாம். அங்கே சாந்து குழைத்தது அவன் பொண்டாட்டி இல்லை போலிருக்கிறது.