மச்சான் இல்லாத மாஸ்டர்

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவருக்கு மச்சான் கிடையாது.

மற்றபடி குறை சொல்ல முடியாத வாழ்க்கை. டிரைவிங் ஸ்கூலில் நிரந்தர வேலை. நான்கு பக்கமும் நசுங்கி நசுங்கி நிமிர்ந்த ஒரு சின்ன சிவப்புக் கார். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்காருவார். அங்கே அவர் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு கிளட்ச் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் மருந்துக் கடையில் மாஸ்டர், வங்கியில் மாஸ்டர், மாடிப்படியில் எதிரே வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மாஸ்டர். எங்கே திரும்பினாலும் மரியாதை. அதுதான் தொல்லையே. அவரை யாரும் கிண்டல் செய்வதில்லை.

ஒரு ஆம்பளையை முறையாகக் கிண்டல் செய்ய மச்சான் வேண்டும் என்பது மாஸ்டரின் தீர்மானமான கருத்து. மனைவி செய்தால் அதில் பாதி உண்மை இருக்கும், வலிக்கும். நண்பன் எல்லை மீறினால் நட்பு போய்விடும். மச்சான் என்ன சொன்னாலும் உறவு போகாது, ஏனென்றால் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள்.

ஆனால் மாஸ்டர் ஒற்றைப் பிள்ளை. அவருடைய அப்பாவும் ஒற்றைப் பிள்ளை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் செய்தாவது ஒரு மச்சானைச் சம்பாதித்திருக்கலாம். அவர் கட்டிக்கொண்டு வந்தவரும் ஒற்றைப் பெண்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப என்னைப் பார்த்ததைவிட, கூடப்பிறந்தவன் எவனாவது வர்றானான்னு வாசலைப் பார்த்ததுதான் அதிகம்" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு நான்கு மச்சான்கள். நால்வரும் ஆபீசுக்கு வந்தால் முதலாளியின் வழுக்கையைப் பற்றி, வண்டியைப் பற்றி, சமையலைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட்டு, அவருடைய டீயையும் குடித்துவிட்டுப் போவார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். மாஸ்டர் மூலையில் உட்கார்ந்து, பசியோடு ஓட்டல் வாசலில் நிற்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். கார் ஓட்டப் பழக வரும் கல்லூரிப் பையன்கள் ஒருவனையொருவன் மச்சான் என்று அழைத்துக்கொள்வதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. "தங்கச்சியே இல்லாத பயலுக்கெல்லாம் மச்சான். போலி சரக்கு."

டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டியை வாங்கி வந்தவள் மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் கூடப் படித்தவர்கள் தங்கள் குடும்பம் ஏழு தலைமுறையாக எங்கே, என்ன செய்தது என்று பேசும்போது, இவளுடைய கதை அப்பாவின் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாதை போடக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர் அவர். அதற்கு முன்னால் எந்த ஊர், என்ன வீடு, எதுவும் தெரியாது. சான்றிதழைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு படித்தும் நான் எங்கிருந்து வந்தேன் என்பதைச் சொல்லத் தெரியவில்லையே?

"அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாதுப்பா. அப்புறம் இந்தக் குழாய்ல, இந்தக் கோடு வரைக்கும் துப்பணும்."

"துப்புறதுக்கா காசு கொடுத்த? ரோட்டுல துப்பினா நம்மகிட்டத்தானே அபராதம் வாங்குறான்."

சமையலறை மேஜையில் உட்கார்ந்து மாஸ்டர் முயற்சி செய்தார். தொண்டை வறண்டது. மனைவி எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? கியர் மாத்தச் சொல்லிக் கத்தும்போது மட்டும் கண்ணாடி பூராவும் தெறிக்குமே. ஒரு எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்கோங்க."

பழத்தை நினைத்துத்தான் குழாய் நிறைந்தது.

முடிவு மகளின் லேப்டாப்புக்கு வந்தது. முதல் பக்கத்தில் வரைபடம், முழுக்க ஒரே நிறம். "நம்ம ஆளுங்கதான்னு சொல்றான். இதுக்கு முகம் பார்க்குற கண்ணாடி போதாதா?" என்றார் மாஸ்டர். மகளுக்கும் முகம் விழுந்துவிட்டது. இரண்டாவது பக்கத்தைத் திறந்தாள். இதே பரிசோதனை செய்துகொண்டவர்களில் இவர்களோடு ரத்தம் ஒத்துப்போகிறவர்கள் என்று தலைப்பு. அதன் கீழே ஓரளவு நெருக்கமாக ஒரே ஒரு ஆள். கடல் கடந்து எங்கேயோ ஒரு தீவு. மாஸ்டர் வயதுதான்.

"அப்பா! உங்களுக்கு ஒரு கசின் இருக்கார்."

"கசின்னா?"

"கசின்னா... சொந்தக்காரர். கொள்ளுத்தாத்தா காலத்துல ஒண்ணா இருந்த குடும்பமா இருக்கும்."

"அது சரி. பங்காளியா, மச்சானா?"

"அதெல்லாம் இதுல போடலப்பா."

"பெரியப்பா மகனும் கசின், அத்தை மகனும் கசின். இது ஒரு விஞ்ஞானமா? நான் அந்த மனுஷனை எப்படிக் கூப்பிடுறது?"

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"பேர் சொல்லியா? லைசென்ஸ் ஆபீஸ்லயா டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கோம்?"

முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினார்கள். தீவுக்காரர் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர்; கை முழங்கை வரை மாவு. வீட்டில் தமிழை விடாமல் காப்பாற்றியிருந்தார்கள். பேசப் பேச ஒரு விஷயம் ஒத்துப்போனது. இரண்டு வீட்டிலும் ஒரே கதை: துறைமுகத்தில் இரண்டு ஆண்கள் வரிசையில் சேர்ந்து நின்றார்கள்; ஒருவர் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது; திரும்பி வந்தவரை வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

"போனது உங்க ஆளு" என்றார் மாஸ்டர்.

"இல்லீங்க, எங்க வீட்ல உங்க ஆளுன்னுதான் சொல்லுவாங்க."

"எங்க கொள்ளுத்தாத்தா அடக்கமானவருங்க."

"அடக்க முடியாதவர்னு கேள்வி."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆகா, மச்சான் பேச்சு! ஆனால் தீவுக்காரர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. வாய் தவறிடுச்சு."

அண்ணே! மாஸ்டருக்கு நெஞ்சில் யாரோ கிளட்சை மிதித்தது போல இருந்தது.

தீவுக்காரரின் நிலைமை நேர் எதிர். அவருக்கு ஐந்து தங்கைகள். ஐவரையும் கட்டிக்கொடுத்து ஐந்து மச்சான்கள். அண்ணன் தம்பி யாரும் இல்லை. "எந்தப் பக்கம் திரும்பினாலும் மச்சான்தாண்ணே. எனக்காகப் பேச எங்க வீட்டு ஆளுன்னு ஒருத்தன் கிடையாது. இந்த டெஸ்ட்டே அதுக்காகத்தான் எடுத்தேன். துறைமுகத்துல நின்னது அண்ணன் தம்பியாத்தான் இருக்கணும். நீங்க எனக்கு அண்ணன்தான்."

அண்ணன் தம்பி வம்சம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் வாங்க, போங்க, சௌக்கியமா. அதன் பிறகு பல ஞாயிறுகள் அப்படித்தான் போயின. இருவரும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களைப் போலக் கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். தீவுக்காரர் பெருமை பேசியதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில்தான்: "எங்க தாத்தா கப்பல்லயே பிறந்தவருண்ணே. எந்த நாடுன்னு எழுதுறதுன்னு ஆபீசருக்கே புரியலையாம்." மாஸ்டர் "அப்படிங்களா" என்று மரியாதையாகத் தலையாட்டுவார்.

அப்பா சுரத்தில்லாமல் இருப்பதைப் பார்த்து மகள்தான் வழி சொன்னாள். அப்பாவிடமிருந்து மகனுக்கு, அந்த மகனிடமிருந்து அவன் மகனுக்கு என்று ஆண் வழியில் மட்டுமே போகிற ஒரு அடையாளம் உண்டு. அதற்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு பேரும் நேராக ஆண் வழியில் வந்தவர்கள். அடையாளம் ஒத்துப்போனால் பங்காளி. ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள்.

மாஸ்டர் பஞ்சுக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இப்போதைக்கு அந்த மனிதர் இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். பங்காளி என்று எழுதி வந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஆசையும் போய்விடும். இப்படியே விட்டுவிட்டால் என்ன?

"கன்னத்துக்குள்ள தேய்ங்க. சும்மா காது குடையுற மாதிரி வச்சுக்கிட்டு" என்றார் மனைவி.

தேய்த்தார். தீவுக்காரரும் அண்ணன் கிடைத்துவிட்ட உற்சாகத்தில் தேய்த்து அனுப்பினார்.

முடிவை மகள் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். ஒத்துப்போகவில்லை. இரண்டும் வேறு வேறு ஆண் வம்சம்.

"ஆனா ரத்தம் ஒண்ணு. அப்போ நடுவுல ஒரு பொண்ணு. யாரா இருக்கும்?" மகள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மனைவி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த மனுஷன் வாராவாரம் சொல்றாரே, தாத்தா கப்பல்ல பிறந்தார்னு. பிள்ளை பிறந்துச்சுன்னா பெத்தவ ஒருத்தி கப்பல்ல இருந்திருக்கணும்ல? ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒன்னுக்குப் போன கதையையே நூறு வருஷமா சொல்றாங்க. வயித்துல பிள்ளையோட வரிசையில நின்னவளை ஒருத்தருக்கும் ஞாபகமில்ல."

அவள்தான் மாஸ்டரின் கொள்ளுத்தாத்தாவுடைய தங்கை. துறைமுகத்தில் பிரிந்தது அண்ணனும் தம்பியும் அல்ல, மச்சானும் மச்சானும். மாஸ்டரின் கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கே வந்த பிறகுதான் கல்யாணம். அதனால் இவர் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியிருக்க வாய்ப்பில்லை.

"அவ பேரு என்னம்மா?" என்று கேட்டாள் மகள். யாருக்கும் தெரியவில்லை. "நானும் கொள்ளுத்தாத்தா யாரு, எந்த ஊருன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கூட ஒருத்தி இருந்தாளான்னு கேட்கத் தோணலையே" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

மாஸ்டர் அந்த நிலையில் இல்லை. ஈரக் கையோடு போனை எடுத்து ஒரே வார்த்தை அனுப்பினார்: மச்சான்!

பதில் இல்லை. பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் மட்டும் விழுந்தது. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"நீங்க பாட்டுக்குக் குதிச்சீங்க. அங்கே ஒரு மனுஷனுக்கு அண்ணன் போயிட்டான். அதுக்கு மேல ஆறாவதா இன்னொரு மச்சான்" என்றார் மனைவி. மாஸ்டர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஏங்கி ஒரு மச்சான் கிடைத்து, அவர் பேசவே மாட்டேன் என்றால் எப்படி?

அந்த வாரம் பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு. மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் மாஸ்டர் சொல்லவில்லை, டாக்டரம்மாவே எடுத்தார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்குத் திட்டவே இல்ல? உடம்பு சரியில்லையா?"

"சொந்தத்துல ஒருத்தர் பேசலம்மா."

"அட, இதுக்கா? எங்க வீட்டுக்காரர் எங்க அண்ணன்கிட்ட பேசி ஒரு வருஷமாச்சு. கல்யாணப் பத்திரிகையில பேரைப் பின்னால போட்டுட்டாங்களாம். எங்க அண்ணன் பாவம், வாரம் ஒரு தடவை வந்து சமாதானம் பண்ணிட்டுப் போறார். வேற வழி? பொண்ணு கொடுத்த வீடாச்சே. மாப்பிள்ளை வீட்டுக்குக் கோவிச்சுக்க உரிமை இருக்குல்ல?"

மாஸ்டரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள்.

"ஐயோ! நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல டாக்டர். ஓரமா நிறுத்துங்க."

டாக்டரம்மா தண்ணீர் லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டர் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் மாவு அப்பிய ஒரு முகம் வந்தது.

"சொல்லுங்க" என்றார் தீவுக்காரர்.

"மாப்பிள்ளைக்குக் கோவமா?"

"யாரு மாப்பிள்ளை?"

"நீங்கதான். எங்க வீட்டுப் பொண்ணைத்தானே உங்க கொள்ளுத்தாத்தா கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினார்? நாங்க பொண்ணு கொடுத்த வீடு. நீங்க மாப்பிள்ளை வீடு."

தீவுக்காரர் மாவுக் கையை மேல்துணியில் மெதுவாகத் துடைத்தார். "இருங்க, இருங்க. அஞ்சு தங்கச்சி கல்யாணத்துலயும் நான் பொண்ணு வீடு. அஞ்சு பேர்கிட்டயும் கை கட்டி நின்னிருக்கேன். ஒருத்தன் காப்பியில சர்க்கரை குறைஞ்சுதுன்னு மூணு மாசம் பேசல. நான் போய்ப் போய் நின்னேன்."

"தெரியும். அதெல்லாம் அவங்ககிட்ட. என்கிட்ட நீங்க நிக்க வேண்டாம். நான்தான் உங்ககிட்ட நிக்கணும்."

"அப்போ நான் கோவிச்சுக்கலாமா?"

"தாராளமா. ரெண்டு வாரமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கீங்க? முறைப்படிதான் நடக்குது."

தீவுக்காரரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஏன் மச்சான், பொண்ணைக் கட்டிக் கொடுத்தா அதோட கடமை முடிஞ்சுதா? நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தங்கச்சி இருக்காளா, சாப்பிட்டாளா, பிள்ளை நல்லபடியா பிறந்துச்சான்னு ஒருத்தன் எட்டிப் பார்த்தீங்களா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. எது முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "தப்புதான் மச்சான்" என்றார்.

"தப்புன்னு சொன்னா ஆச்சா? டிக்கெட் போட்டுக் குடும்பத்தோட வந்து நிக்க வேண்டாமா? அது சரி, அது என்ன வண்டி? குப்பைத் தொட்டிக்கு யாரோ சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு. உங்களை நம்பி அந்தம்மா வேற உட்கார்ந்திருக்காங்க, பாவம்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு எஞ்சினை அணைத்தார்.

"வேற ஏதாவது குறை இருக்கா மச்சான்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அவசரப்படாதீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார்.