டீச்சரம்மா வீட்டு ஒத்திகை

எங்கள் தேவாலயப் பங்கின் பாடகர் குழுவை நடத்தியவர் என் அம்மா. பாலக்கரையில் யார் இறந்தாலும் முதல் போன் சாமியாருக்கு, இரண்டாவது அம்மாவுக்கு. அதனால், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் அடக்கப் பாடல்கள் பாட வேண்டும் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா சொன்னபோது, பத்து வயதான நான் எதுவும் கேட்காமல் வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பெரிதாக்கிய புகைப்படம் ஒன்று சட்டத்துக்குள் தயாராக இருந்தது. எங்களுக்கு மோர் கொடுத்தவரின் முகமும் படத்தில் இருந்த முகமும் ஒன்றுதான் என்பதை இரண்டாவது வாய் குடிக்கும்போதுதான் கவனித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஒரு தடவை கேட்டுடறேங்க. அன்னைக்கு நான் எந்திரிச்சு குறை சொல்ல முடியாது பாருங்க” என்றார் அவர், அம்மாவிடம்.

சொல்லிவிட்டுக் கூடத்தின் நடுவே கிடந்த கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சின்மேல் கோத்துக் கண்களை மூடிக்கொண்டார். கீபோர்டு வாசிக்கும் பெரியப்பா தயங்கினார். அம்மா தயங்கவில்லை, கையை உயர்த்தினார்.

முதல் பாட்டுக்கு டீச்சரம்மாவின் விரல் தாளம் போட்டது. இரண்டாவதில் அது நின்றது. ஓர் ஈ வந்து அவர் உதட்டின்மேல் நடந்தது. அவர் அசையவில்லை. நான் பாட்டு வரியை விட்டுவிட்டு ஈயையே பார்த்தேன். அம்மாவோ, கடையில் இன்னொருத்தி எடுக்கும் புடவையைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முடிந்ததும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “ஆம்பளைங்க கொஞ்சம் பிந்துறாங்க. மத்தபடி நல்லா இருக்குங்க.” எழுந்து எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார். நான் தொடவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டார்: “உனக்கு எந்தப் பாட்டு புடிச்சுது?”

இரண்டாவது என்றேன். அதுதான் சின்னது.

அதற்குப் பிறகு ஒத்திகைதோறும் அந்தப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார். பாதியில் கையை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். “என் கையைப் பார்க்காதீங்க. நீங்களே பாடுங்க.” நாங்கள் தடுமாறி நிற்போம். மறுபடியும் முதலிலிருந்து.

அம்மாவின் நோய் அப்போது பெரியப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அடுத்த தவக்காலத்தில், அம்மாவின் சவப்பெட்டியருகே நின்று அந்தப் பாட்டைப் பாடினோம். டீச்சரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

ஆனால் அந்த ஒத்திகை நாட்களில், என் பாட்டு பிடிக்காமல்தான் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.