கழுத்துக்கு மேல் சொந்தப் பொறுப்பு

என் உடம்பை ராணுவம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கழுத்து வரைக்கும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேலே இருப்பது என் சொந்தச் சொத்து. கழுத்துக்கு ஊனப் பென்ஷன் கொஞ்சம் வருகிறது. தலைவலிக்கு வராது. கழுத்தில் பட்ட அடியால்தான் தலை வலிக்கிறது என்று நான் காட்டியாக வேண்டும். எட்டாம் கிளாஸைத் தாண்டாத ஒரு தலை, தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

நான் துப்பாக்கி பிடித்த வீரன் இல்லை. பட்டாளத்துச் சமையல்காரன். மலை ரோட்டில் லாரி கவிழ்ந்தபோது பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பருப்பு அண்டா என் பிடரியில் வந்து இறங்கியது. ஓடி வந்தவர்கள் முதலில் விசாரித்தது பருப்பை. இந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கழுத்தெலும்பு நகர்ந்து, பட்டை மாட்டிப் படுக்க வைத்தார்கள். அதெல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒழுங்காக இருக்கிறது. தலைவலி ஆரம்பித்தது சில மாதம் கழித்து. அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஏன் இல்லை என்றால், எங்கள் பட்டாளத்தில் உடம்பு சரியில்லாதவன் காலையில் தனி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே மற்ற எல்லோரும் பரேடுக்குப் போவார்கள். அதில் நிற்பவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது என் வேலை. யாரும் கொடுக்காத வேலை, நானே எடுத்துக்கொண்டது. ஒருத்தனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று வைத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்து உபசரிக்கிறார்களே என்று. அவனுடைய சொந்தப் பெயரே எல்லோருக்கும் மறந்து போயிற்று. அப்படிப்பட்ட நான் எந்த முகத்தோடு போய் அந்த வரிசையில் நிற்பேன்?

வலி வரும்போது ஒரு கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். பாதித் தலை எனக்கு, பாதித் தலை அதற்கு. ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். யாராவது எட்டிப் பார்த்தால், நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறேன் என்பேன். வருஷாந்திரப் பரிசோதனையில் டாக்டர் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்பார். ‘டீக் ஹை சாப்’, நன்றாக இருக்கிறேன் ஐயா, என்பேன். பட்டாளத்தில் அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வது போல அது ஒரு வருகைப் பதிவு.

பட்டாளத்தை விட்டு வெளியே வந்து ஆஸ்டின் டவுனில் ஒற்றை அறை வீடு பிடித்தோம். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. எனக்கு வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடியில் கேட் செக்யூரிட்டி வேலை. தலைவலிக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான வேலையைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. முகத்துக்கு நேரே ஹெட்லைட், காதுக்கு நேரே ஹாரன். ஒருநாள் கண் இருட்டி, வாசலில் அவர்கள் அழகுக்கு வைத்திருந்த பூந்தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டேன். குடித்துவிட்டு வருகிறேன் என்று புகார் போயிற்று. இன்னொரு தரம் இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தலையையும் கணக்கில் சேர்த்துப் பென்ஷனை ஏற்றிக் கொடுத்தால், அந்த கேட்டை விட்டு விலகி எங்காவது நிழலாக ஒரு வேலை பார்க்கலாம். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். நரம்பு டாக்டரிடம் என்னை அனுப்பி, கழுத்து அடியிலிருந்து இப்படித் தலைவலி வரலாம் என்று எழுதி வாங்க வைத்தவரும் அவர்தான். அதை வைத்து மனு போட்டதில், மூன்று ராணுவ டாக்டர்கள் உட்காரும் போர்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முந்தின ஞாயிறு என்னையும் மனைவியையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

“தம்பி, நீ அங்க ரெண்டு வேலை மட்டும் பண்ணாதே. ஜோக் அடிக்காதே. ‘டீக் ஹை’ சொல்லாதே. உனக்கு ரொம்ப மோசமான நாளு எப்படி இருக்கும், அதை மட்டும் சொல்லு.”

“என் கல்யாண நாளைச் சொல்லட்டுங்களா சார்?”

அவர் சிரிக்கவில்லை. மனைவி அவரைப் பார்த்து, “பாத்தீங்களா சார், இது உருப்படவா போவுது?” என்றாள்.

போர்டு அன்றைக்கு முகத்தை மழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சட்டையை விறைப்பாகத் தேய்த்து மாட்டிக்கொண்டேன். பொண்ணு பாக்கவா போறே, நோயாளி மாதிரி வாய்யா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆபீசர் முன்னால் கசங்கிப் போய் நிற்க எனக்குத் தெரியாது.

அவளை வராந்தாவிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் உள்ளே போனேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண் ஆபீசர், என்னைவிடச் சின்னவர். நிமிர்ந்து பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தியில் அன்பாகத்தான் கேட்டார். என் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன.

“ஏக்தம் டீக், மேடம்.”

நான் வாயைத் திறக்கும் முன்பே வார்த்தை வெளியே போய் நின்றிருந்தது.

விபத்தைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். லாரி வந்தால் அண்டா வராமல் இருக்குமா? அண்டா வந்தது, பருப்பும் வந்தது. ஓரத்தில் இருந்த டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மாவும் குனிந்து சிரித்தார். இன்னொரு கரண்டி போடு என்று தட்டை நீட்டுகிறவனைப் பார்த்தால் சமையல்காரனுக்கு ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் தலைவலியைப் பற்றிக் கேட்டார்கள். உண்மையைத்தான் சொன்னேன். பாத்ரூம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடப்பேன், வீட்டில் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் மண்டைக்குள் சட்னி அரைப்பது போல இருக்கும். ஜன்னலை என் மனைவி பழைய புடவையால் மூடுவாள். எல்லாம் நடப்பதுதான். ஆனால் அண்டாக் கதையின் ராகத்திலேயே சொன்னேன். எனக்கு வேறு ராகம் வரவில்லை. சட்னிக்கும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். நான் பரிமாறியதைச் சாப்பிட்டார்கள். என் தலையோ, ஆபீசர் வரும் நாளில் ஒழுங்காக இருக்கும் சோம்பேறியைப் போல அன்றைக்கென்று ஒரு துளி வலி இல்லாமல் இருந்தது.

வெளியே வந்ததும் மனைவி எழுந்து நின்றாள்.

“இன்னா கேட்டாங்க?”

“எப்படி இருக்கேன்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்னே?”

எதிரே இருந்த கேன்டீனைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். திட்டவே இல்லை.

முடிவு தபாலில் வந்தது. பெரியவர் படித்துச் சொன்னார். சேவையில் இருந்தபோது தலைவலி என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை, இப்போதும் நன்றாகவே இருக்கிறார், ஆகவே கழுத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஏற்க முடியாது. அதற்குள் அந்த கேட் வேலையும் போயிருந்தது. மேலே அப்பீல் போகலாம், ஆனால் இனிமேலாவது கையில் ஏதாவது பதிவு வேண்டும் என்றார் பெரியவர். வலி தெளிந்த பிறகு போய் டாக்டரைப் பார்ப்பதுதான் என் வழக்கம். எழுந்து நிற்க முடிந்தால்தானே போவது? அதுதான் தப்பு என்றார்.

“வலி இருக்கறப்பவே போ தம்பி. வாந்தியோட போ.”

அப்படியே போனேன். அடுத்த முறை வலி வந்தபோது மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். மாஜி ராணுவத்தினருக்கான மருத்துவமனை வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை, ஒவ்வொரு பள்ளத்தையும் மண்டையால் பார்த்தேன். குடித்திருக்கிறாரா என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டார். தலெநோவு என்று அவள் ஒற்றை வார்த்தையில் முடித்தாள். அவர் நம்பவில்லை. மூன்று டாக்டர்களே நம்பவில்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மடியில் பிளாஸ்டிக் கவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ எந்த பட்டாலியன் என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்த டாக்டர் ஓசூர்ப் பக்கத்துக்காரர் போல, தமிழில் கேட்டார்.

“எப்பலருந்து வலிக்குது?”

காலையிலிருந்து என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“லாரி கவுந்ததுக்கு அப்புறம் சார்,” என்றேன்.

பேனாவை நிறுத்தினார். எந்த லாரி, எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னேன். இந்த முறை அண்டாவும் பருப்பும் வரவில்லை, அவற்றைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார், வயிற்றில் இருந்த மிச்சமும் கவருக்குள் வந்தது. அவர் முகம் சுளிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா எங்கயும் காட்டலையா?”

“இல்ல சார்.”

சீட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு என்னிடம் சொல்லாமல் மனைவியிடம் சொன்னார்.

“அம்மா, இன்னிக்கு வலிக்குதுன்னுதான் நான் எழுத முடியும். அந்த வருஷங்களை நான் எழுத முடியாது.”

அவள் எழுந்து போய் ட்யூப் லைட்டை அணைத்தாள். ஜன்னல் வெளிச்சம் போதுமா என்று அவரைக் கேட்டாள்.

“இன்னிக்கு வலிக்குதுன்னே எழுதுங்க சார்,” என்றாள்.